லேயாளுக்குச் சாட்சி இல்லை

லேயாள் மேசைக்கு முன்னால் நின்றாள். வாய் திறக்கவில்லை.

தகரக் கூரை வேகிற மத்தியான நேரம். எங்கள் சபை அந்தக் காலத்தில் சிராங்கூன் ரோட்டு ஓரத்துச் சுண்ணாம்புக் கம்பத்தில், எருமைக் கொட்டகைகளுக்குப் பின்னால், ஒரு வாடகைக் கட்டடத்தில் கூடிக்கொண்டிருந்தது. சன்னலைத் திறந்தால் சாணி வாடை. மூடினால் மூச்சு முட்டும். அன்றைக்குத் திறந்தே வைத்திருந்தோம். மேசைக்கு அந்தப் பக்கம் போதகர் ஐயா. அவர் பக்கத்தில், ஊழியத்துக்காகக் கடல் தாண்டி வந்த வெள்ளைக்காரி, நாங்கள் மிஸ்ஸியம்மா என்று கூப்பிடுகிறவர், ஓலை விசிறியால் கழுத்தை விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெஞ்சுகளில் நாங்கள் பெண்கள்.

"சொல்லம்மா, பயப்படாத. ஆண்டவர் உன்னை எப்ப, எங்க சந்திச்சார்? அவ்வளவுதான் கேள்வி," என்றார் ஐயா.

லேயாள் என்னைப் பார்த்தாள். நான் முதல் வார்த்தையை உதட்டால் எடுத்துக் கொடுத்தேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்த முதல் வார்த்தை என்னுடையது. அவள் சொல்ல இருந்த சாட்சி முழுவதுமே என்னுடையதுதான். நான்தான் அவளுக்குக் கொடுத்திருந்தேன். ஏன் கொடுத்தேன், கொடுத்தது என்ன ஆயிற்று என்பதை இந்த வாரம் எழுதப் பார்க்கிறேன். எழுதினால் எனக்கே விளங்குமோ என்று ஒரு ஆசை.

கப்பல் சாட்சி

இந்தப் பத்திரிகையை வாசிக்கிற எல்லாரும் எங்கள் வேதக்காரர்கள் இல்லை. அதனால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் சபையில் மாதத்துக்கு ஒரு சாட்சிக் கூட்டம் உண்டு. ஒவ்வொருவராக எழுந்து, தான் எந்த வேளையில் ஆண்டவரை அறிந்துகொண்டேன் என்று சொல்லவேண்டும். ஞானஸ்நானம் வாங்கினேன் என்றால் போதாது. அது தலையில் விழுந்த தண்ணீர். சபையைக் கூட்டிப் பெருக்கினேன், நோயாளிக்குக் கஞ்சி காய்ச்சினேன் என்றாலும் போதாது. அது கைவேலை. மனசுக்குள் நடந்ததைச் சொல்லவேண்டும்.

என் சாட்சிக்கு அந்தச் சபையில் ஒரு பெயர் இருந்தது. சென்ற வாரம் நான் நாகப்பட்டினத்தில் கப்பலேறி இந்த ஊருக்கு வந்ததை எழுதியிருந்தேன் அல்லவா, அந்த வழியில் அடித்த புயல்தான். "பாக்கியம், கப்பல் சாட்சி சொல்லு" என்று கேட்டு வாங்குவார்கள். நான் மெதுவாக எழுவேன். முந்தானையைச் சரிசெய்வேன். பிறகு அலையிலிருந்து தொடங்குவேன். கப்பல் சாய்கிற இடம் வந்தால் பெஞ்சில் இருக்கிறவர்களும் சேர்ந்து சாய்வார்கள். அந்த நாளில் எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் இங்கிலீஷ் படித்த பெண்கள் வரிசையாக எழுந்து பேசினாலும் என் கப்பலுக்கு ஈடாகாது. இதைப் பெருமையாகவேதான் சொல்கிறேன்.

கப்பல் பொய்யில்லை. புயல் அடித்தது, நான் ஆண்டவரைக் கூப்பிட்டேன், பிழைத்தோம். சொல்லச் சொல்ல அலை கொஞ்சம் உயர்ந்துகொண்டே போயிற்று, அவ்வளவுதான்.

வெந்த சோறு

லேயாளின் புருஷன் சுண்ணாம்புச் சூளையில் வேலை பார்த்தவர். அவர் மனம் மாறி ஞானஸ்நானம் வாங்கியபோது, புருஷனோடு சேர்ந்து இவளும் தலையைக் கொடுத்தாள். அப்படித்தான் அவளே சொல்லுவாள்.

வாந்திபேதி வந்த வருஷம், யாரும் எட்டிப் பார்க்காத கூலிகள் குடியிருந்த லயங்களுக்குள் கஞ்சிப் பானையோடு போனவள் அவள். எங்கள் வேதமா, பிற வேதமா, தமிழனா, சீனனா என்று கேட்டதில்லை. செத்தவரைக் குளிப்பாட்ட ஆள் வேண்டுமென்றால் அவள் கதவைத்தான் தட்டுவார்கள். சபையார் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்தை நாங்கள் அசனம் என்போம். அந்த அசனத்துக்கு அண்டாவில் சோறு வடிப்பதும் அவள்தான்.

ஜெபம் மட்டும் வராது. ஒரு அசனத்தில், சாப்பாட்டுக்கு முன் மூப்பர் ஜெபித்தார். சபையின் பெரியவர் அவர். ஜெபத்துக்குப் பேர்போனவர். ஆதாமில் தொடங்கினார். மோசேக்கு வருவதற்குள் எனக்குக் கால் மரத்துப்போயிற்று. ஒருவழியாக அவர் நிறுத்தியதும் ஐயா, "லேயாள், நீ முடிச்சு வை," என்றார். அவளும் பழகட்டும் என்ற நல்லெண்ணம்தான்.

அவள் கண்ணைக்கூட மூடவில்லை. "ஆண்டவரே, சோறு வெந்துடுச்சு. கொழையறதுக்குள்ள நான் போறேன். ஆமென்," என்று சொல்லிவிட்டு அண்டாவிடம் ஓடினாள்.

நாங்கள் சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்துக்கொண்டோம். மூப்பருக்கு முகம் கறுத்துவிட்டது.

"இதுக்குப் பேரு ஜெபமா?"

"கொழைஞ்ச சோத்தைத் திம்பீங்களா, மூப்பரே?" என்று அவள் அண்டாவடியிலிருந்தே கேட்டாள்.

அவரும் தின்னமாட்டார். முதல் பந்தியில் உட்காருகிறவர் அவர்.

கொழுந்தன் வந்தது

லேயாளின் புருஷன் நெஞ்சு நோயில் போய்ச் சேர்ந்தார். சிராங்கூன் ரோட்டில் ட்ராம் வண்டி மணியடித்துக்கொண்டு ஓடத் தொடங்கிச் சில வருஷம் ஆகியிருந்த காலம். பிள்ளை குட்டி இல்லை. சூளைக்காரர்கள் குடியிருந்த அறையைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள்.

ஜொகூரில் ரப்பர் தோட்டத்திலிருந்து புருஷனின் தம்பி வந்தான். "அண்ணி இங்க தனியாக் கெடந்து என்ன பண்ணப் போறாங்க? எங்க பெரிய கங்காணி ஒத்தைக்கட்டை. சோறாக்கிப் போட ஆள் தேடுறாரு," என்று என் வாசலில் நின்றே சொன்னான்.

தோட்டத்தில் கூலிகளை ஆள்கிற கங்காணிக்குச் சோறாக்கிப் போடுவது என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியாதா? லேயாளுக்கும் தெரியும். அவள் என் வீட்டுக்குள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே இருந்தாள். தேய்த்த பாத்திரத்தையே தேய்த்தாள்.

அந்தச் சமயம் பார்த்து, மிஸ்ஸியம்மா நடத்திய பெண்பிள்ளைகள் விடுதிக்கு மேட்ரன் ஒருத்தி வேண்டியிருந்தது. சாப்பாடு உண்டு, தனி அறை உண்டு. அது கிடைத்துவிட்டால் லேயாள் எவன் பின்னாலும் போகவேண்டாம். ஐயாவுக்கும் அவளை வைக்க ஆசைதான். ஆனால் மிஸ்ஸியம்மாவுக்கு ஒரு சட்டம் இருந்தது. சபைக்கு முன்னால் சாட்சி சொல்லாதவளிடம் பிள்ளைகளை ஒப்படைக்கமாட்டார். நல்ல வேலைக்காரி எந்த மதத்திலும் கிடைப்பாள், எனக்கு வேண்டியது விசுவாசமுள்ளவள் என்பார். அதையும் தவறென்று சொல்ல எனக்கு வாயில்லை.

என் அடுக்களையில்

கூட்டத்துக்கு முந்தின நாள் லேயாளை வீட்டுக்கு வரச் சொன்னேன். வந்தவள் சும்மா இருப்பாளா? முறத்தை இழுத்து வைத்துக்கொண்டு நெத்திலிக்குத் தலை கிள்ளத் தொடங்கிவிட்டாள்.

"நீயும் கப்பல்லதான வந்த?"

"வந்தேன்க்கா."

"அலை அடிச்சுதா?"

"அடிச்சுது."

"யாரையாச்சும் கூப்பிட்டியா?"

"வாந்தி எடுத்தேன். தண்ணி கேட்டேன். கப்பல்காரர் ஒருத்தர் குடுத்தாரு."

"சரி, உன் வீட்டுக்காரர் போன அன்னிக்கு? மனசுக்குள்ள ஒரு வெளிச்சம் மாதிரி, ஒரு சத்தம் மாதிரி, ஒன்னும் இல்லியா?"

"அடுத்த வேளைக்கு என்ன பண்றதுன்னு இருந்துச்சு."

"பொழைக்கத் தெரியாதவடி நீ!"

"பொய் சொல்லச் சொல்றீங்களாக்கா?"

"பொய் இல்லடி. நெசமா நடந்தது. எனக்கு நடந்தது. நீ வச்சுக்க."

கப்பலைக் கொடுக்கமுடியாது. அது ஊருக்கே தெரியும். என்னிடம் இன்னொன்று இருந்தது.

என் மூத்த மகன் நடக்கப் பழகிய வயசில் காய்ச்சலில் போனான். என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் டிரெசர். எத்தனையோ பேருக்கு மருந்து கொடுத்து எழுப்பிவிட்ட கை. பெற்ற பிள்ளைக்கு அந்தக் கை உதவவில்லை. அடக்கம் முடிந்ததும் சபைப் பெண்கள் வந்தார்கள். பாடினார்கள், ஜெபித்தார்கள், என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள், போனார்கள். அவன் படுத்திருந்த துப்பட்டி மூலையில் அப்படியே கிடந்தது.

அதைத் தூக்கிக்கொண்டு கொட்டகை ஓரத்துத் தெருக்குழாய்க்குப் போனேன். பெரிய கெட்டித் துப்பட்டி. நனைந்துவிட்டால் ஒருத்தியால் பிழிய முடியாது. ஒரு முனையைப் பிடித்து முறுக்கினேன், மறுமுனை மண்ணில் புரண்டது. திரும்ப அலசினேன், திரும்பப் புரண்டது. கை ஓய்ந்துவிட்டது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, நீர் இருந்தால் பிடியும் என்றேன். வாய்விட்டுச் சொன்னேனா, மனசுக்குள் சொன்னேனா தெரியாது.

துப்பட்டி மண்ணைவிட்டு எழுந்தது. மறுமுனையைப் பிடித்து, நான் முறுக்கியதற்கு எதிராக முறுக்குகிற விசை என் கைக்குத் தெரிந்தது. தண்ணீர் என் பாதத்தில் கொட்டியது. நான் கண் திறக்கவில்லை. திறக்கப் பயம். திறந்தபோது யாரும் இல்லை. துப்பட்டி மடித்துக் கல்லின் மேல் இருந்தது.

இதை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. என் வீட்டுக்காரரிடமும் இல்லை. கப்பலை எடுத்து வீசுவேன், இதை எடுக்க வாய் வராது. ஆனால் அந்த நாளுக்குப் பிறகு நான் எழுந்து சமைத்தது, சாப்பிட்டது, இன்னொரு பிள்ளையைப் பெற்றது எல்லாம் அந்தக் குழாயடியை நினைத்துத்தான்.

சொல்லி முடித்துப் பார்த்தேன். லேயாளின் கை நெத்திலியில் நின்றுவிட்டிருந்தது.

"எந்தக் குழாய்க்கா?"

"எதுவா இருந்தா என்னடி? மூத்தவன்னு சொல்லாம, உன் வீட்டுக்காரர் செத்த அன்னிக்குன்னு சொல்லு. துப்பட்டிய மட்டும் மாத்தாத."

அவள் தலை கிள்ளிய மீனையே எடுத்து மறுபடி கிள்ளினாள்.

நான் செய்தது தப்பென்று அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. இல்லாதவளுக்குச் சேலை கொடுக்கிறோம், அரிசி கொடுக்கிறோம். அவளுக்கு இல்லாதது அது. என்னிடம் இருந்தது.

மேசைக்கு முன்னால்

"எனக்குச் சாட்சி இல்லீங்க ஐயா," என்றாள் லேயாள்.

பெஞ்சுகளில் முணுமுணுப்பு. ஐயா முன்னால் சாய்ந்தார். "நல்லா யோசிச்சுப் பாரம்மா. சின்னதா ஏதாச்சும் ஒன்னு?"

"ஒன்னு இருக்குது. அது என்னுது இல்ல."

ஐயா அதை இங்கிலீஷில் சொன்னார். மிஸ்ஸியம்மாவின் விசிறி நின்றது. வருத்தத்தோடுதான் தலையாட்டினார். ஆனாலும் அது முடியாது என்கிற தலையாட்டல். கடைசிப் பாட்டுப் பாடினோம். லேயாளும் பாடினாள், ராகம் இல்லாமல்.

வெளியே கொழுந்தன் அவளுடைய தகரப் பெட்டியின் மேல் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்தான். "என்ன அண்ணி, உங்க சாமி உத்தரவு குடுக்கலியா? வாங்க, ரயிலுக்கு நேரமாச்சு."

நான் அவளை வேலி ஓரத்துக்கு இழுத்துப் போனேன்.

"ஏண்டி, வாயில ஊட்டிவிட்டேன். துப்பிட்டியே! அந்தக் கங்காணிக்கு ஆக்கிப்போடப் போறியா?"

"திட்டாதீங்கக்கா."

"என் சாட்சி உனக்கு எளக்காரமாப் போச்சா?"

அவள் எருமைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அது நான்க்கா."

"எது நீ?"

"துப்பட்டிய மறுபக்கம் புடிச்சது. அப்ப நாங்க சூளைக்கு வந்த புதுசு. உங்கள யாருன்னே தெரியாது. தண்ணிக்கு வந்தேன். அலசுன துணி மண்ணுல பொரளுதேன்னு புடிச்சேன். நீங்க கண்ண மூடிக்கிட்டு அழுதீங்க. பாத்தா கூச்சப்படுவீங்கன்னு மடிச்சு வச்சிட்டுப் போயிட்டேன்."

நான் அவள் கையைப் பார்த்தேன்.

"இப்ப நானே போயி, ஆண்டவர் வந்து புடிச்சாருன்னு எப்படிக்கா சொல்றது? அது என் கைதானக்கா?"

"நேத்து அடுக்களையிலயே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா உங்களுக்கு என்னக்கா மிஞ்சும்?"

அலையில்லாத சாட்சி

நான் திரும்பிக் கட்டடத்துக்குள் போனேன். கோபத்தில் போனேனா, இரக்கத்தில் போனேனா, இன்று வரை பிரித்துப் பார்க்க முடியவில்லை. அவளைக் காப்பாற்றவேண்டும் என்றும் இருந்தது. என்னிடமிருந்து எடுத்துக்கொண்டாளே என்றும் இருந்தது. எடுத்தவளையே எப்படிக் காப்பாற்றுவது என்றும் இருந்தது.

ஐயாவும் மிஸ்ஸியம்மாவும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஐயா, நான் ஒரு சாட்சி சொல்லணும்."

"கப்பலாம்மா? கூட்டம் முடிஞ்சு போச்சே."

"கப்பல் இல்ல."

முந்தானையைச் சரிசெய்யவில்லை. குரலை ஏற்றவில்லை. குழாயடியைச் சொன்னேன், துப்பட்டியைச் சொன்னேன், வேலி ஓரத்தில் இப்போது கேட்டதையும் சொன்னேன். நடுவில் நாக்குக் குழறிவிட்டது. யாரும் அழவில்லை. ஐயா வரிவரியாக மிஸ்ஸியம்மாவுக்கு எடுத்துச் சொன்னார்.

சொல்லி முடித்ததும் ஐயாவின் முகம் மலர்ந்தது. "இதுல குழப்பம் என்னம்மா? ஆண்டவர்தான் லேயாளோட கையை அனுப்பியிருக்கார்."

அது எனக்குப் போதும் போல இருந்தது. ஒரு நிமிஷம்.

"இல்லீங்க ஐயா." என் பின்னாலேயே வந்து வாசற்படியில் நின்றிருக்கிறாள் லேயாள். "என்னை யாரும் அனுப்பல. நான் தண்ணிக்கு வந்தேன்."

"உனக்குத் தெரியாமலே அனுப்பியிருப்பாரம்மா."

"எனக்குத் தெரியாதத நான் எப்படிங்க சாட்சி சொல்றது?"

ஐயாவுக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. பிடரியைத் தடவிக்கொண்டார்.

மிஸ்ஸியம்மா என் பக்கம் திரும்பினார். எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது கடைத்தெருவில் பேசுகிற பசார் மலாய்தான். அதிலே கேட்டார், "அப்படியானால் உன்னிடம் வந்தது யார்?"

தெரியாது என்று அதே மலாயில் சொன்னேன். வாழ்நாளில் நான் அந்தக் கட்டடத்துக்குள் சொன்ன மிகச் சிறிய சாட்சி அதுதான்.

அவர் கோப்பையை மேசையில் வைத்தார். பிறகு லேயாளைப் பார்த்து, விடுதியில் இன்றைக்குச் சோறு வடிக்க ஆளில்லை, சாட்சியுள்ள ஒருத்தி கிடைக்கிற வரைக்கும் நீ வந்து இரு என்றார். சட்டத்தை விட்டுக்கொடுத்தாரா, எதையாவது கண்டுகொண்டாரா, வெறும் பசிக்காகச் சொன்னாரா? நான் கேட்கவில்லை. கேட்கிற இடத்தில் நானும் இல்லை.

கொழுந்தன் கடலைத் தோலை உதறிவிட்டுத் தனியாக ரயிலுக்குப் போனான்.

சாட்சியுள்ள ஒருத்தி கிடைக்கவேயில்லை. மிஸ்ஸியம்மா தேடினாரா என்பதும் சந்தேகம்தான். லேயாள் கண்மூடும்வரை அந்த அறையில்தான் இருந்தாள். சாட்சிக் கூட்டம் வந்தால் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து பிள்ளைகளுக்குப் பேன் பார்ப்பாள். என்னை வழக்கம்போலக் கப்பலைச் சொல்லச் சொல்வார்கள். நானும் சொன்னேன். கப்பல் சாய்ந்தது, பெஞ்சும் சாய்ந்தது. ஒரு குறையும் இல்லை. உட்கார்ந்த பிறகு மட்டும், இப்போது பேசியது வாயா, விசுவாசமா என்று எனக்குள் ஒரு கேள்வி வந்து உட்காரும்.

விடுதிக்குப் போகிற வழியில்

அன்றைக்குச் சாயங்காலம் பெட்டியை ஒரு ரிக்‌ஷாவில் ஏற்றிவிட்டு, நாங்கள் இரண்டு பேரும் பின்னால் நடந்தோம். மழை பெய்து ஓய்ந்திருந்தது. எருமைகள் சேற்றுக்குள் சுகமாகக் கிடந்தன. லேயாள், விடுதியில் எத்தனை பிள்ளைகள், அடுப்பு விறகா கரியா என்று விசாரித்துக்கொண்டே வந்தாள். எனக்கு அது எதுவும் காதில் ஏறவில்லை. ஒரு கேள்வி இருந்தது. கேட்கவும் பயம், கேட்காமலிருக்கவும் முடியவில்லை.

கேட்டேவிட்டேன்.

"ஏண்டி, நீ வந்தப்ப, குழாய்கிட்ட வேற யாராச்சும் இருந்தாங்களா?"

இல்லை என்று அவள் உடனே சொல்லியிருக்கலாம். என் முகத்தைப் பார்த்துப் பாவப்பட்டு, இருந்த மாதிரி இருந்துச்சு என்றும் சொல்லியிருக்கலாம். வேறு எவளாக இருந்தாலும் சொல்லியிருப்பாள். லேயாள் நடுத்தெருவில் நின்றுவிட்டாள். புருவத்தைச் சுருக்கி, அந்த நாளைத் தேடிப் பார்த்தாள். ரிக்‌ஷா எங்களை விட்டு முன்னால் போய்க்கொண்டிருந்தது.

"கவனிக்கலக்கா," என்றாள். "நான் துணியத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."